கார் சீட்டில் பின்னிய பீடத்துணி

ஒரகடம் ரோட்டில் யாரை நிறுத்திப் பேர் கேட்டாலும், பேருக்கு முன்னால் தங்கள் கஷ்டத்தைச் சொல்லிவிடுவார்கள். இந்த வாரம் எத்தனை ஓ.டி., கம்பெனி பஸ்ஸில் எவ்வளவு தூரம் நின்றுகொண்டே வந்தது, கேண்டீன் சாம்பாரில் எந்தக் காய் இல்லை. இடுப்பு வலி இங்கே நோய் அல்ல, சீனியாரிட்டி. டிஸ்க் நகர்ந்தவருக்கு டீக்கடை பெஞ்சில் தானாக இடம் விடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில், "எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, சொகமா இருக்கேன்" என்று கூசாமல் சொல்லும் ஒரே ஜீவன் மண்ணூர்ப் பக்கம் சகாய நகர் மூன்றாம் தெருவில் குடியிருந்தது. பேர் ஜெர்சி.

ஜெர்சிக்கு நாகர்கோவிலுக்கு மேற்கே சொந்த ஊர். அங்கே கன்னியாஸ்திரீகள் மடத்தில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுப்பார்கள். ஊசியும் கிடையாது, கொக்கியும் கிடையாது. வைக்கோல் அடைத்த உருளைத் திண்டு ஒன்று. அதன்மேல் துளை குத்திய அட்டை. ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி. பென்சில் பருமனில் மரக்குச்சிகள், ஒவ்வொன்றிலும் நூல் சுற்றியிருக்கும், பாபின் என்பார்கள். வலது குச்சியை இடது பக்கம் போடு, இடதை வலது பக்கம் போடு, முறுக்கு, குண்டூசியைக் குத்து, மறுபடி போடு. ஜடை பின்னுகிற வேலைதான். தலை மட்டும் இல்லை.

கைவேகத்தில் ஜெர்சிதான் மடத்திலேயே முதல். முதுகு விஷயத்தில் கடைசி. மற்ற பிள்ளைகள் பெஞ்சில் மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்திருக்க, அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, திண்டைத் தொடைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு பின்னுவாள். "இது என்ன மாட்டுத் தொழுவமா?" என்று ஒருநாள் சிஸ்டர் கேட்டார்.

"ஏசு பெறந்ததே அங்கதானே சிஸ்டர்?" என்றாள் ஜெர்சி.

அன்றோடு அவளுக்குப் பெரிய வேலைகள் நின்றன. கர்சீப் ஓரம், ஞானஸ்நானக் குழந்தையின் கழுத்துப்பட்டி, தட்டு மூடுகிற துணி, இவைதான் வந்தன. பீடத்துணியும் கல்யாணப் பெண்ணின் முக்காடும் அடக்கமான பிள்ளைகளுக்குப் போயின. உலகத்தில் எதற்கும் அசராத ஜெர்சிக்கு இது ஒன்று மட்டும் உள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது. விரற்கடை விரற்கடையாக எத்தனையோ பின்னியாகிவிட்டது. ஆள் உயரத்துக்கு மேல், எட்ட நின்று பார்க்கிற மாதிரி, ஒன்றே ஒன்று பின்னிவிட வேண்டும். வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால் ஆசை என்பார்கள். ஆசை என்றால் பாடுபட வேண்டியிருக்கும்.

கல்யாணமும் அவள் இஷ்டப்படிதான் நடந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் எல்லோரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை டெனிசன் மட்டும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காப்பி வருவதற்குள் கண்ணையும் மூடிவிட்டான். "இவரே போதும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

டெனிசனுக்குக் கார் சீட் செய்யும் கம்பெனியில் வேலை கிடைக்க, இருவரும் வடக்கே வந்தார்கள். ஜெர்சியும் ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். பலகையில் ஆணிகள், ஆணிகளைச் சுற்றி ஒயர். அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். ஒருநாள் தூணில் சாய்ந்து பின்னிக்கொண்டிருந்தவளைச் சூப்பர்வைசர் பிடித்தார்.

"கையிதானே சார் வேலை செய்யுது? காலுக்கு இதில என்ன சம்பந்தம்?"

"பாலிசிம்மா."

"அப்போ பாலிசிய நிக்க வையுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

போய்விட்டாள். அதன்பிறகு கர்சீப் ஓரம், சர்ச் புடவைக்கு ஓரம் என்று வீட்டிலிருந்தபடியே ஏதோ பின்னி விற்றுக்கொண்டிருந்தாள். திண்டை மடியில் வைத்து, சுவரில் சாய்ந்து.

சகாய நகர்க் கோயிலுக்குப் புதிதாகக் கிரானைட் பீடம் வந்தபோதுதான் கதை திரும்பியது. காணிக்கை கொடுத்தவர் கிரானைட் வியாபாரி. அளவு கேட்காமல் கொடுத்துவிட்டார். பீடம் மினி லாரி நீளம். அந்த நீளத்துக்கு லேஸ் வைத்த துணி கடையில் இல்லை. மாதா சபைத் தலைவி அருள்மேரி, "மெட்ராஸ் பாரீஸ் கார்னர் பக்கம் மெஷின் லேஸ் மீட்டர் கணக்குல கிடைக்குது, வாங்கி ஒட்டிடலாம் ஃபாதர்" என்றாள். இளவயசுப் பங்குச் சாமியார் கூட்டத்தைப் பார்த்து, "இதைக் கையாலேயே செய்யத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். கடைசி வரிசையில், தூணோரம், ஒரு கை மெதுவாக மேலே போனது. அதற்குமேல் போகவில்லை. முழங்கையைத் தூணில் ஊன்றியிருந்தாள்.

ஒத்துக்கொண்ட பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பெரிய லேஸை மடியில் வைத்துப் பின்ன முடியாது. நூற்றுக்கும் மேல் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து சிக்கிக்கொள்ளும். பின்னி முடித்த பாகம் தன் கனத்தில் தொங்கிப் பின்னுகிற பாகத்தை இழுக்கும். எட்டிக் குனிந்தால் கழுத்து போகும். முதல் இரண்டு நாளில் ஜெர்சிக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகக் கழுத்து வலித்தது. அவள் அதை ஒரு அவமானமாக எடுத்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்க," என்றாள் புருஷனிடம். "ஒங்க கம்பெனில காருகிட்ட ஆளு போவுதா, ஆளுகிட்ட காரு வருதா?"

"காருதான் வரும். கன்வேயர்லா?"

"அதேதான். துணி எனக்ககிட்ட வரட்டும். நான் போவ மாட்டேன்."

டெனிசன் யோசித்தான். பிறகு கழித்த சீட்டுகளை வாங்கி விற்கும் பாண்டுரங்கனின் குடோனுக்குப் போய் முன் சீட்டு ஒன்றைப் பிடித்து வந்தான். தையல் ஒரு பக்கம் கோணல் என்பதைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. தண்டலத்தில் வெல்டிங் கடையில் கொடுத்து நான்கு கால் வைத்தான். பக்கவாட்டில் லீவர், இழுத்தால் சாயும், விட்டால் நிற்கும். சீட்டுக்கு எதிரே இரும்புச் சட்டத்தில் திண்டு மாட்டினான். பின்னப் பின்னக் கையால் ஒரு தட்டுத் தட்டினால் கிணற்று ராட்டினம் மாதிரி உருளும். வேலையில்லாத குச்சிகளைப் பத்துப் பத்தாகத் துணி கிளிப் போட்டு ஓரம் கட்டினார்கள். பின்னி முடித்த பாகம் தொங்கி இழுக்காமலிருக்க, திண்டுக்குப் பின்னால் ஒரு தூளி கட்டி அதில் விழ விட்டார்கள்.

ஜெர்சி ஏறி உட்கார்ந்து, லீவரை இழுத்து, காலைத் தூக்கிக் காலி சிலிண்டர்மேல் வைத்தாள். குச்சிகள் டொக்கு டொக்கென்று பேச ஆரம்பித்தன. கழுத்து வலி அன்றைக்கே விடைபெற்றது. துணியின் நான்கு ஓரத்திலும் தைக்க வேண்டியதில், மாசி பிறப்பதற்குள் முன்பக்க நீளம் ஒன்றும் இரண்டு குறுக்குப் பக்கங்களும் முடிந்துவிட்டன. பின்பக்க நீளம் மட்டும் பாக்கி.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு மதியம், திருவிழா நோட்டீஸ் கொடுக்க அருள்மேரி வந்தாள்.

அருள்மேரி கெட்டவள் அல்ல. பஸ் ஸ்டாப்பில் டிபன் கடை. விடிவதற்கு முன் அடுப்படியில் நிற்க ஆரம்பித்தால், கடைசி ஷிப்ட் பையன் கடைசி இட்லியைத் தின்று போகும்வரை நிற்பாள். நின்று நின்று நரம்பு சுருண்ட கால். அந்தக் காலோடு வாசல்படி ஏறி உள்ளே பார்த்தவள் கண்ணில் பட்டது இது: டி.வி.யில் சீரியல். கார் சீட்டில் பாதி சாய்ந்த ஜெர்சி. சிலிண்டர்மேல் பாதங்கள். வாயில் முந்திரிக்கொத்து. தூளி லேசாக ஆடுகிறது.

"தூளில இன்னா, கொழந்தையா?"

"இல்லக்கா. மாதா துணி."

அருள்மேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா வேலைய இப்டி மல்லாக்கப் படுத்துக்கினா செய்வ?"

"மல்லாக்க இல்லக்கா, பாதிதான் சாஞ்சிருக்கு. முழுசா சாச்சா குச்சி மூஞ்சில விழும்."

"தவக்காலம்மே இது! ஊரே ஒறுத்தல்ல கீது. நான் கறி தொட்டு எம்மா நாளாச்சு தெரியுமா? காலைலேந்து நின்னுகினே கீறேன். நீ இன்னாடான்னா ஸ்வீட்ட கடிச்சிக்கினு…"

"அதுக்கு நான் என்ன செய்யதுக்குக்கா? நீங்களும் ஒரு ஸ்டூல் போட்டு இருந்து இட்லி ஊத்துங்க."

நல்ல மனசோடு சொன்ன யோசனைதான். ஆனால் காலமெல்லாம் நின்றவளிடம் உட்கார்ந்திருக்கலாமே என்று சொல்வதைவிடப் பெரிய வசவு கிடையாது. அருள்மேரி நோட்டீஸை டி.வி.மேல் வைத்துவிட்டு நேராகச் சாமியாரிடம் போனாள்.

"வலிக்காம செஞ்சா அது காணிக்கையே இல்ல ஃபாதர். மெஷின் லேஸே வாங்கிடலாம். மெஷினாச்சும் நின்னுகினு வேலை செய்யுது."

சாமியார் அருள்மேரியின் கடையில்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர். ஜெர்சியைக் கூப்பிட்டனுப்பி, தலையைச் சொறிந்துகொண்டு, "மிச்சத்தைக் கோயில்ல வந்து, மாதா சுரூபத்துக்கு முன்னால உட்கார்ந்து பின்னுங்களேன். சபைக்காரங்க செபமாலை சொல்லட்டும். எல்லாருக்கும் திருப்தியா இருக்கும்" என்றார்.

"எனக்கு இருக்காதே ஃபாதர்."

"இல்லைன்னா மெஷின் லேஸ்தான்னு சொல்றாங்கம்மா."

உள்ளே கிடந்த பழைய முள் குத்தியது. ஜெர்சி திண்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

பாய். பாய்க்கு நடுவே முக்காலி. முக்காலிமேல் திண்டு. சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார வேண்டும். சாய்ந்தால் அருள்மேரி இருமுவாள். சுற்றிலும் சபைப் பெண்கள் முழங்காலில். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று பாதிப் பேர் சொல்ல, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று மீதிப் பேர் முடிக்க, மதியம் முழுக்க அலையலையாக அது ஓடும். இதில் அருள்மேரியைக் குறை சொல்ல முடியாது. நரம்பு சுருண்ட அந்தக் காலை மடக்கி அவளும் முழங்காலில்தான் இருந்தாள். எழுந்திருக்கும்போது இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. லேஸில் பூவுக்கும் பூவுக்கும் நடுவே நூலால் சின்னச் சின்ன ஜடை போட்டு இணைக்க வேண்டும். ஒவ்வொரு ஜடைக்கும் ஏழு முறுக்கு, எட்டாவதில் குண்டூசி. செபமாலையிலோ மணிகளைப் பத்துப் பத்தாகக் கோத்திருக்கும். பத்து மரியே வாழ்க சொல்லி முடிந்த பிறகுதான் ஒரு நிறுத்தம் வரும். சின்ன வயசிலிருந்து செபமாலை சொல்லி வளர்ந்த கை அது. முதுகு வலியில் மூளை ஒதுங்கிக்கொள்ள, கை கோயிலோடு சேர்ந்துகொண்டது. ஒரு மரியே வாழ்கவுக்கு ஒரு முறுக்கு. பத்து முடிந்து பிதாவுக்கும் சுதனுக்கும் வந்ததும் குண்டூசி. ஜடைகள் எல்லாம் பத்துப் பத்தாகவே போய்க்கொண்டிருந்தன. கோயிலில் தூளி இல்லாததால் முடித்த பாகத்தைக் குண்டூசியோடு திண்டிலேயே சுற்றி வைத்தாள்; குண்டூசிகள் இறுக்கிப் பிடித்திருக்கும்வரை லேஸில் அந்தத் தளர்ச்சி தெரியாது. செபமாலை சொல்லாத வேறு கிறிஸ்தவ சபைக்காரர்கள் நடுவே உட்கார வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

மே மாதம், திருவிழாவுக்கு முதல் நாள் மதியம், பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் வைத்துக் குண்டூசிகளை எடுத்தார்கள். வீட்டில் பின்னிச் சுருட்டி வைத்திருந்தது, பிரித்ததும் தட்டையாக, தண்ணீர் மாதிரி விழுந்தது. கோயிலில் பின்னியது குண்டூசி போகப் போக எம்பியது. நீளமெங்கும் உப்பி, சுருண்டு, பாவாடைக் கொசுவம் மாதிரி நின்றது.

விடுப்பு எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்திருந்த டெனிசன் குனிந்து பார்த்தான். "பிள்ளே, இது ரிஜெக்ட்."

ஜெர்சி ஒரு ஜடையை விரலில் பிடித்து முறுக்குகளை எண்ணினாள். இன்னொன்றை எண்ணினாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள்.

அருள்மேரி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னாம்மே பண்ற? உள்ள ஜெபம் கீதும்மே!"

"என்ன ஜெபம்?"

"ஒரு முறுக்குக்கு ஒரு மரியே வாழ்க. அத்தினியும் நாங்க முட்டி போட்டு சொன்னது. அத்தப் போய் வெட்டுவியா நீ?"

ஜெர்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

வெட்டக் கூடாது, மறுபடி பின்ன நேரமும் இல்லை. சரி, கொசுவப் பக்கத்தைப் பீடத்துக்குப் பின்னால் விட்டு, தட்டைப் பக்கத்தை மக்களுக்குக் காட்டலாம் என்றாள் ஜெர்சி. அப்படி வைக்கத்தான் முதலில் இருந்தே ஏற்பாடு. அருள்மேரி ஒப்பவில்லை.

"ஒறுத்தல் பண்ணி செஞ்சது பின்னாடி, ஸ்வீட் துன்னுகினு செஞ்சது முன்னாடியா? நல்லா கீதே நாயம்! ஒறுத்தல் பக்கம்தான் முன்னாடி."

ஜெர்சிக்கு முதல்தடவையாகக் கோபம் வந்தது. கோபத்தில் எழுந்தும் நின்றுவிட்டாள், டெனிசன் பயந்துபோனான்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். கடல்ல பொயல் அடிக்கும்போ ஆண்டவரு என்ன செஞ்சுகிட்டு இருந்தாரு?"

"இன்னா?"

"பைபிளைப் பாத்துக்கிடுங்க. படகுக்குப் பின்னால தலையணை வச்சுத் தூங்கினாரு. தலையணை! அப்பொறம் எழும்பி ஒரு வார்த்தை சொன்னாரு, கடல் அடங்கிச்சு. வலிச்சாத்தான் காணிக்கையின்னா அதையும் அடிச்சு விட்டிருங்க."

அருள்மேரி சாமியாரைப் பார்த்தாள். அவர் சிரிப்பை அடக்கப் பூசைப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தலையணை உண்டும்மா," என்றார் ஈனசுரத்தில். "மாற்குல இருக்கு."

"அது ஆண்டவரு. இது ஜெர்சி."

சாமியார் பாத்திரத்தை வைத்தார். சாப்பாட்டுக் கடையும் பீடத்துணியும் அவர் மனதில் முட்டி மோதின. கடைசியில், சாமியார்களுக்கே வருகிற ஒரு தீர்ப்பைச் சொன்னார். "நாளைக்கு ரெண்டு பூசை. காலையில ஒரு பக்கம் முன்னால. சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டுடலாம். எது எப்போன்னு நீங்களே பேசிக்குங்க."

ஜெர்சி, "அக்காவே சொல்லட்டும்" என்றாள்.

அருள்மேரி காலையைக் கேட்டாள். காலையில்தான் ஆயர் இல்லத்திலிருந்து பெரிய சாமியார் வருகிறார்.

காலைப் பூசையில் கொசுவம் ஜெயித்தது. பெரிய சாமியார் பிரசங்கத்தில் அதைக் காட்டி, கடல் விண்மீனாம் மாதாவின் காலடியில் அலைகள் துள்ளுகின்றன என்றார். பூசை முடிந்து பெண்கள் பீடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "பிரில்லு வச்சி இன்னா ஷோக்கா கீது!" "எந்தக் கடைல எடுத்தது?" அருள்மேரி, "கடைலயா? முட்டி போட்டு செஞ்சது!" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். சுருண்ட நரம்பெல்லாம் ஒரு வழியாக நேரானது போல நடந்தாள். ஜெர்சி பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சுக்குச் சாய்மானம் சரியில்லை.

சாயங்காலம் ஷிப்ட் விட்டு வந்த கூட்டத்தில் கோயில் நிறைந்தது. சாமியார் சொன்ன சொல் தவறவில்லை. துணியைத் திருப்பிப் போட்டிருந்தார். ஜெர்சி பந்தலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கி வந்து, தூணோடு ஒட்டிப் போட்டு, நன்றாகச் சாய்ந்தாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அதை அவள் இதுவரை முழுதாகப் பார்த்ததே இல்லை. பின்னப் பின்னத் தூளிக்குள் போனது. தூளியிலிருந்து எடுத்ததைச் சுருட்டி வைத்தாள். நேற்று அறையில் நீட்டிப் பார்க்க இடமில்லை. இப்போது பீடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு சுருக்கமில்லாமல், ஒரு ஜடை ஏறாமல் இறங்காமல், விளக்கு வெளிச்சம் துளைகளின் வழியே கருங்கல்லில் பூப்பூவாக விழுந்து கிடக்க, அது தொங்கிக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன முறுக்கு எதுவும் தனியாகத் தெரியவில்லை. எட்ட இருந்தால் பெரிதுதான் தெரிகிறது.

பக்கத்தில் நின்ற ஜூலி, டெனிசன் கம்பெனியில் டிரெயினி, குனிந்து கேட்டாள்: "யக்கா, காலைல பிரில்லு இருந்துச்சாமே. கழட்டிட்டாங்களா?"

"பின்பக்கம் கெடக்கு. வேணுமின்னா போய்ப் பாரு."

"இது பிளெயினா கீதுக்கா."

"ஆமா," என்றாள் ஜெர்சி, வாயில் முந்திரிக்கொத்து கரைகிற மாதிரி. "பிளெயினா கெடக்கு."

பிரசங்கம் ஆரம்பித்தது. ஜெர்சியின் தலை தூணில் சாய்ந்தது. கண் மூடியது. சன்னமாக, குச்சிகள் மோதுகிற அளவுக்கே, ஒரு குறட்டையும் கிளம்பியது. அது காணிக்கைப் பாட்டையும் தாண்டி, அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்றத்தையும் தாண்டிப் போயிற்று. அந்த நன்மை அப்பத்தை வாங்க வரிசை எழுந்தபோது யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அருள்மேரி.

"பூசைல தூங்கறியா ஜெர்சி?"

"ஆமாக்கா," என்றாள் ஜெர்சி. "வேலை முடிஞ்சுதுல்லா."

சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வரிசையில் கடைசி ஆளாகச் சேர்ந்தாள். வரிசை நீளம். தூணுக்குத் தூண் சாய்ந்து சாய்ந்து முன்னால் போனாள்.